அக்பர் அலி வந்தால் அணையாத கம்ப்யூட்டர்

12-9-1996
இன்றைக்கும் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. முன்னறிவிப்பு கிடையாது. டப் என்று கண்ணை மூடிக்கொள்கிறது. சோமனூர் அச்சகத்துக்காக மருமகள் சண்முகப்பிரியா அடித்துக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகை பாதியில் போயிற்று. தாய்மாமன்கள், பெரியப்பன்கள், அவர்கள் ஊர்கள் எல்லாம் மறுபடியும் நான்தான் ஒப்பித்தேன். எனக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது போகாது. அதைப் பார்த்துத்தான், "தினம் கொஞ்சம் சொல்லுங்க மாமா, அடிச்சு வெக்கறேன், எனக்கும் கை பழகுமுங்க" என்றாள். நான் பேச்சில் சொல்கிறேன், அவள் எழுத்துத் தமிழில் போடுகிறாள். அணைந்துவிடும் என்ற பயத்தில் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் பத்திரப்படுத்துகிறாள்.

13-9-1996
எனக்கு விவரம் தெரிந்த நாளில் கருமத்தம்பட்டிச் சந்தைக்கு ஓட்டிப்போன எருமை

14-9-1996
நேற்று எருமையோடு நின்றுபோனது. மகன் கிருபாசங்கர் விசைத்தறிக் கொட்டாயிலிருந்து வந்து பார்த்தான். "தீவாளி வரைக்கும் பாப்பேன். அப்பறமும் இப்படியேன்னா இத வித்துப்போட்டு இந்த ரூம்புல ரெண்டு தறி போட்டர்றேன்."

அவன் போனதும் ப்ரியா சொன்னாள்: "வித்துட்டா நானும் தறியில போய் நிக்கோணுமுங்க மாமா." அவளுக்கு வேலை போகும். எனக்கு? நான் சொல்வதை உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள் போய்விடும்.

20-9-1996
காந்திபுரத்திலிருந்து மெக்கானிக் அக்பர் அலி வந்தார். வாசலில் கண்டதுமே என் வீட்டுக்காரி வள்ளியாத்தாள் கொட்டாயைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "தறிய நிறுத்துங்க, ஆளு வந்திருக்குது!" தறி இரைச்சலில் விருந்தாளியை உட்கார வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாயங்காலம் வரை எந்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணையவே இல்லை. அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டார். "நல்லாத்தானுங்களே ஓடுது" என்று கிளம்பினார். வண்டி தெருமுக்குத் திரும்பியிருக்காது. டப்.

23-9-1996
வள்ளியாத்தாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். மச்சான் செங்கோட்டையன், "மூஞ்சி தெக்க பாக்குது, ஆகாதுங்க மாப்ள" என்று கிழக்கே திருப்பி வைத்தார். கிழக்கே பார்த்துக்கொண்டு அணைந்தது.

4-10-1996
அக்பர் அலி இரண்டாம் தரம். தறி நிறுத்தி, பாய் விரித்து, மோர் கொடுத்தோம். எந்திரத்தைக் கழற்றித் தூசி ஊதி மாட்டினார். பொழுதுக்கும் அணையவில்லை.

"பெரியவருங்களே, இது என்னைக் கண்டா பயப்படுதுங்க."

வள்ளியாத்தாள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்படின்னா உங்க சட்டை ஒண்ணைக் குடுத்துட்டுப் போங்க தம்பி" என்றாள். பையில் மாற்றுச் சட்டை வைத்திருந்தார். பாவம், மறுக்கத் தெரியாத மனிதர்.

5-10-1996
அக்பர் அலியின் நீலச் சட்டை எந்திரத்துக்கு எதிரே நாற்காலியில் தொங்குகிறது. இது பயப்படுகிற மாதிரி எனக்குத் தெரிய

29-10-1996
தீபாவளி வரைக்கும்கூடக் கிருபா பொறுக்கவில்லை, வெள்ளிக்கிழமையே எந்திரத்தை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறதாம். சொல்லிவிட்டான். ப்ரியா பத்திரிகை வேலை எதையும் வாங்கவில்லை. நான் என்னத்தைச் சொல்ல? இன்றைக்கு ஒன்றும் இல்லை.

30-10-1996
நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அக்பர் அலி சட்டையை வாங்கிப்போக வந்தார். மூன்றாம் தரம் அல்லவா, யாரும் எழுந்திருக்கவில்லை. வள்ளியாத்தாள் அடுப்படியிலிருந்தே, "அக்பரா? வா கண்ணு, சோறு இருக்குது, போட்டுத் தின்னு" என்றாள். தறியை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டோடு வந்து ப்ரியா பக்கத்தில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே குண்டு பல்பு ஒரு கணம் மங்கியது. டப்.

சோற்றுக் கையோடு குதித்து எழுந்தார். "அணைஞ்சிருச்சுங்க! அம்மா, அணைஞ்சிருச்சுங்க!" பேரன் பிறந்த மாதிரி சிரிக்கிறார். கொட்டாய்க்கு ஓடினார். ஒவ்வொரு தறியாக நிறுத்தி ஓட்டச் சொன்னார். தறி கிளம்பும்போதெல்லாம் பல்பு மங்கியது.

"தறி லைன்லயே இதையும் கோத்திருக்கீங்க. தறி கெளம்பறப்ப கரண்ட் அமுங்குதுங்க. ரெண்டு மூணு சேந்து கெளம்புனா இது தாங்காது. நான் வந்தப்பெல்லாம் ஏனுங்க தறிய நிறுத்துனீங்க?"

"பின்னே? வந்த ஆளுகிட்டக் கத்தியா பேசறது?" என்றாள் வள்ளியாத்தாள்.

கிருபா தலையைச் சொறிந்தான். "அப்ப கோளாறு நம்ம தறியிலயா?"

1-11-1996
வயர்மேன் வந்து வேறு லைன் இழுத்தார். ஸ்டெபிலைசரும் வந்துவிட்டது. வாங்க வந்த ஆளுக்குக் கிருபாவே காப்பி கொடுத்து, "விக்கறதில்லீங்க" என்று அனுப்பிவைத்தான். ப்ரியா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

16-11-1996
தீபாவளியும் போயிற்று. எந்திரம் அணையவில்லை. ப்ரியாதான், "கை வலிக்குதுங்க மாமா" என்கிறாள்.

நேற்று நான் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வள்ளியாத்தாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தனையும் அழிச்சுப்போடு அம்மணி. நான் சொல்றேன், அடி. அன்னைக்கு இவரு வாயே தொறக்கலை. எங்கப்பன் ஊமை மாப்பளைன்னு நெனைச்சு எந்திரிச்சுட்டாரு."

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க."

ப்ரியா என் பக்கம் திரும்பவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். வள்ளியாத்தாள் பேசினாள், பேசினாள், விளக்கு வைக்கும் வரை பேசினாள். டப் என்று போகாதா என்று எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகவில்லை.