தரம் இரண்டுக்கான சொற்கள்

நிந்தவூர்
2025.02.10

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கோல் எடுத்தால் நம்மில் யாராவது அழுதுவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். நம் மகள் அம்ஹா மௌத்தாகி, அவளை அடக்கிவிட்டு நீங்களும் அக்கரைப்பற்றில் அறை எடுத்துப் போன பிறகு, ஓர் ஆளுக்குச் சோறாக்க எனக்கு இன்னும் பழகவில்லை.

எந்த வகுப்புக்கு எந்தச் சொற்களை வாசிக்கக் கொடுக்கலாம் என்று உங்கள் வாசிப்பு நிலையம் பிரித்துத் தரும் பட்டியலை எங்கள் பாடசாலையும் எடுத்திருக்கிறது. என் தரம் இரண்டுப் பிள்ளைகள் ‘வண்ணத்துப்பூச்சி’, ‘வெளிச்சவீடு’ போன்ற சொற்களில் திணறுகிறார்கள். முன் வாங்கில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை நேற்று, “டீச்சர், நான் மொக்கா?” என்று கேட்டாள். அவற்றைத் தரம் மூன்றுக்கு மாற்றுங்கள்.

உங்கள்
பாஹிமா

அக்கரைப்பற்று
2025.02.17

அன்பு பாஹிமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தச் சொற்களைத் தரம் இரண்டுப் பிள்ளை தடங்கலில்லாமல் வாசித்ததை நானே கேட்டிருக்கிறேன். மாற்ற முடியாது.

ஜெமீல்

நிந்தவூர்
2025.02.21

மச்சான்,

எந்தப் பிள்ளை வாசித்தது என்று எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் போகும்போது கடைப் போர்டு ஒன்றையும் விடமாட்டாள் நம் மகள். டெங்குக் காய்ச்சலில் கிடந்தும், “வாப்பா, இன்னும் எழுதிக் காட்டுங்க, நான் வாசிப்பன்” என்றாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை. மற்றப் பிள்ளைகளுக்கு அவளை அளவாக வைக்காதீர்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

வீட்டுக்கு வாருங்கள். ஒரே பிள்ளைக்காக ஏன் இரண்டு ஊரில் இருந்து அழ வேண்டும்?

பாஹிமா

அக்கரைப்பற்று
2025.03.19

பாஹிமா,

பொத்துவிலில் ஒரு பாடசாலைக்குப் போய்த் தரம் இரண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்பிள்ளை ‘வண்ண’ என்று தொடங்கி, மேலே போக முடியாமல் என் முகத்தையே பார்த்தாள். அடிக்கப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

சொற்களை மாற்றிவிட்டேன். எல்லாப் பாடசாலைக்கும் அறிவித்தாயிற்று. அவற்றைத் தரம் இரண்டிலிருந்து எடுத்தபோது, நம் மகளை இரண்டாம் முறை அடக்கியதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வர என்னால் முடியாது. உன் முகத்தில் அவள் முகம்தான் தெரிகிறது. உன்னை இப்படிக் காக்க வைப்பது பாவம். தலாக்குக்காகக் காதியாரிடம் கதைத்திருக்கிறேன். நிலையத்தை விட்டும் விலகுகிறேன்; என்னோடு வேலை செய்யும் முஸ்தாக் அதைப் பார்த்துக்கொள்வான். என்னை மன்னித்துக்கொள்.

ஜெமீல்

நிந்தவூர்
2025.04.22

மச்சான்,

இந்த ஒருமுறை மட்டும் அப்படியே அழைக்கிறேன்.

புதிய பட்டியல் வந்தது. பிள்ளைகள் சத்தமாக வாசிக்கிறார்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, “என்ன பாஹிமா, சந்தையா வெச்சிருக்கீங்க?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

காதியார் தந்த கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டேன். உங்களில் எனக்குக் கோபமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீங்கள் அவளை அடக்கியிருக்கும் மையவாடிக்குப் போவதாக முஸ்தாக் சொன்னார். நம் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. நீங்கள் போகும்போது, உம்மாவும் ஸலாம் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

பாஹிமா