இடது முழங்காலுக்குக் கீழே

செப்டெம்பர் 4, திங்கள்

கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டாம் நாள். கட்டு அவிழ்த்தாயிற்று. ஊன்றுகோல் ஒன்று.

பன்னிரண்டு வருடம் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது வேலை. எத்தனையோ பேரின் உடம்பு நிலவரம் எழுதியவள், இன்று என் இடது காலுக்கு எழுதுகிறேன்.

பாதத்தின் மேல் நாடி: 76. நல்ல துடிப்பு. இரத்தக் குழாய் தப்பிவிட்டது.
கெண்டைத் தசை: வேலை செய்கிறது. நுனிக்காலில் நிற்கலாம்.
முன் தசை: அசைவில்லை. பாதத்தையோ விரல்களையோ தூக்க முடியவில்லை. செருப்பு தானாகக் கழன்று விழுகிறது.
தோல்: பாதத்தின் மேற்புறம் ஊசியால் குத்தினேன். வேறு யாருடையதோ கால்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு அருகே வரும் இடம். ஜூனில் மாங்கேணிக் கிளினிக் முடித்துச் சைக்கிளில் வரும்போது விழுந்த ஷெல்லின் துண்டுக்கு அந்த இடம்தான் கிடைத்தது. புளியங்கொட்டை அளவும் இல்லை.

செப்டெம்பர் 6, புதன்

சுகாதார அலுவலகக் கடிதம். 28ஆம் திகதி மட்டக்களப்பில் வைத்தியப் பரிசோதனை. வெளிக்கள வேலைக்குத் தகுதி இல்லையென்றால் அலுவலகத்தில் எழுத்து வேலை.

தங்கச்சி ராணிக்குச் சந்தோஷம். "நல்லந்தானே அக்கா. ஃபேனுக்குக் கீழ இரிந்து எழுதலாம். ஷெல்லும் இல்ல, ஆமிச் சென்றியும் இல்ல."

"பனிச்சங்கேணியில பிள்ளை பெறுறவள் ஃபேனுக்குக் கீழ வந்தா பெறுவாள்?"

"நீங்க செத்தா அவளா வந்து அழப்போறாள்?"

சொல்லிவிட்டு ராணியே அழுதாள். இறால் கறிக்கு உப்பு போட இருவருமே மறந்துவிட்டோம்.

செப்டெம்பர் 9, சனி

சைக்கிள் எடுத்தேன். வேலி வரைக்கும்தான். பாதம் மிதியிலிருந்து வழுக்கி, கால் சங்கிலியில் மாட்டி, விழுந்தேன். பாதத்தில் தோல் உரிந்து இரத்தம். நோகவே இல்லை. விழுந்ததைவிட அதுதான் பயம்.

ராணி பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்க வந்தவளைத் தள்ளிவிட்டேன். பிறகு வெட்கம்.

செப்டெம்பர் 12, செவ்வாய்

ஓட்டமாவடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முஸ்லிம் காக்காவிடம் பஸ்ஸில் போனேன். பழைய டியூப் ஒன்று கேட்டேன். முழங்காலுக்குக் கீழே ஒரு வார்ப் பட்டி, அதிலிருந்து செருப்பின் முனைக்கு டியூப். அவர் இரண்டு தரம் வெட்டி, மூன்றாம் தரம் சரியாக இழுத்துக் கட்டினார்.

"நடங்க மிஸி, பாப்பம்."

நடந்தேன். பாதம் தூக்கிக்கொண்டது. முன் தசையின் வேலையை ரப்பர் செய்கிறது. கடைக்கு வந்தவர்களும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செப்டெம்பர் 15, வெள்ளி

காலை: கெண்டைத் தசையை இழுத்து நீட்டும் பயிற்சி, ஐம்பது தரம். எதிர்த்து இழுக்க முன்னால் ஆளில்லாததால் அது சுருங்கிக்கொண்டே போகும். விடக்கூடாது.

தழும்பிலிருந்து விரலால் தட்டிக்கொண்டே இறங்கினேன். இரண்டு விரற்கடை கீழே கரண்ட் அடித்தது போல ஒரு சுள்ளென்ற ஓட்டம், பாதம் வரை. நரம்பு வளர்ந்தால் இப்படி இருக்கும் என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னவர். மாதத்துக்கு ஓர் அங்குலம்தானாம். நீலப் பேனையால் அடையாளம் போட்டேன்.

ராணியிடம் சொல்லவில்லை. ஆசை காட்ட விருப்பமில்லை, அவளுக்கும் எனக்கும்.

செப்டெம்பர் 18, திங்கள்

சென்றியில் ஓர் ஆமிக்காரன் மறித்தான். டியூப்பைக் காட்டி, "இது என்ன? கழட்டு."

கழற்றினேன். "நட."

நடந்தேன். பாதம் தொங்க, முழங்காலை உயர்த்தி உயர்த்தி, வாவிக்கரைக் கொக்கு மாதிரி. இன்னொருவன் சிரித்தான். கேட்டவன் சிரிக்கவில்லை. தழும்பைப் பார்த்தான்.

"யார் அடிச்சது?"

"தெரியா. ஷெல்லில பேர் எழுதியிருக்கேல்ல."

வாய் முந்திவிட்டது. போ என்று கையைக் காட்டினான். டியூப்பைக் கட்ட அரைமணி நேரம் ஆனது மாதிரி இருந்தது. ஆனால் அவர்கள் கண் முன்னால்தான் கட்டினேன்.

செப்டெம்பர் 21, வியாழன்

பின்னேரம் மூன்று மணி. என் கிளினிக்குக்கு வரும் யோகத்தின் புருஷன் ஓடி வந்தான். மூன்றாவது பிரசவம். "மிஸி, வலி துடங்கிட்டு. சுற்றிவளைப்பாம், றோட்டு மூடியாச்சு. வேன் போக ஏலாது."

லீவில் இருப்பவள். போகக்கூடாது. பெட்டியை எடுத்தேன். ராணி வாசலில் நின்றாள். விலகி வழிவிட்டாள்.

இரண்டு மைல் நடை. மெயின் றோட்டை விட்டு மணல் பாதையால். விழவில்லை!

குந்தியிருக்க முடியாததால் பாயில் முட்டுக்காலில் நின்றேன். தொடைத் தசை முழுக்க இன்னும் என்னுடையது. தலை வந்தது, கழுத்தில் கொடி ஒரு சுற்று. விரலை நுழைத்துத் தலைக்கு மேலால் கழற்றினேன். பெண். அழ ஒரு நிமிடம் எடுத்தாள். நீளமான நிமிடம்.

யோகம்: "மிஸி, உங்கட கால் நடுங்குது."

"உன்ட பிள்ளை அழுதிட்டு. என்ட காலை விடு."

செப்டெம்பர் 28, வியாழன்

மட்டக்களப்பு. நல்ல வெயில். மர வாங்கில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம்.

டொக்டர் என் வயதுப் பெண். நாடி பார்த்தார், தட்டினார், ஊசியால் தொட்டார். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். குதிக்காலில் நிற்கச் சொன்னார்.

"ஏலாது டொக்டர்."

"லீவில நிண்டு பிரசவம் பார்த்திருக்கிறீங்களாம்."

"ஓம். றோட்டு மூடிக் கிடந்தது. வேற ஒருத்தரும் இல்ல."

எழுதிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பக்கம் பிரச்சினை எண்டா ஓட ஏலுமா உங்களுக்கு?"

"ஓடினாத்தான் சுடுவாங்கள். கால் நல்லா இரிந்த காலத்திலயும் நான் ஓடினதில்ல டொக்டர். நடந்துதான் போறனான்."

பேனை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார்: வெளிக்கள வேலைக்குத் தகுதி, ஆறு மாதம், அதன்பின் மறுபரிசோதனை. "அந்தப் பாதத்தில காயம் வந்தா உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பாருங்க," என்றார்.

பஸ்ஸடியில் ராணி. "என்னவாம்?"

"நாளைக்குக் கிளினிக்."

முகம் கறுத்தது. ஆனால் பையை வாங்கிக்கொண்டாள்.

செப்டெம்பர் 29, வெள்ளி

மேகமூட்டம். மாங்கேணி. முப்பத்திரண்டு தாய்மார், கதிரை ஆறு. முதல் ஆள் புதுசு, முதற்பிள்ளை, ஐந்து மாதம். உட்கார்ந்ததும் குனிந்து பார்த்தாள்.

"மிஸி, உங்களுக்குக் கால் ஏலாதெண்டு சொன்னாங்க."

"கால் ஏலாதுதான். கையை நீட்டு, பிரஷர் பாப்பம்."