வரிக்குதிரை பார்க்க ஒரு பாஸ்போர்ட்

1959 ஆகஸ்ட் 9, ஞாயிறு

எங்கள் ஆப்பிரிக்கப் பயணம் இன்றோடு முடிந்தது. இன்னும் புறப்படவில்லை என்பதால் செலவு ஒன்றுமில்லை.

தேயிலை ஆலை டீமேக்கர் சண்முகமும் தோட்டப் பள்ளி வாத்தியாரான நானும் ஞாயிறுதோறும் போட்ட திட்டம் அது. தோட்டத் துரை படித்துவிட்டு எறிந்த சஞ்சிகையில் ஒரு படம்: வரிக்குதிரைகளும் காட்டுமாடுகளும் மழையைத் தேடி மந்தையாக ஆறு கடக்கின்றன. கொழும்பில் கப்பலேறி மொம்பாசாவில் இறங்குவது, கருவாடு கட்டிக்கொள்வது வரை முடிவாகியிருந்தது. இலங்கைச் சட்டம் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததில் இருவருமே எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை என்பது மட்டும் பாக்கி.

இன்று சண்முகம் சலவைச் சட்டையில் வந்தார்.

"ஐயா, இந்தியப் பிரஜையாப் பதிஞ்சு பாஸ்போர்ட்டே வாங்கிட்டேங்க. நீங்களும் வாங்கிட்டா கெளம்பிறலாம்."

"சண்முகம், இனி நீங்க இங்க வெளிநாட்டுக்காரர். விசா முடிஞ்சா தோட்டத்தை விட்டே போகணும். யாரும் சொல்லலியா?"

"வரிக்குதிரை பாக்கணும்னுதானே வாங்கினேன்."

"தலைமன்னார்ல கப்பல் ஏத்தி தனுஷ்கோடியில எறக்கி விடுவாங்க."

படத்திலிருந்த வரிக்குதிரைகளை விரலால் எண்ணினார். பிறகு சிரித்தார்.

"எப்படியோ கப்பல் ஏறப்போறேன்ல, ஐயா."

தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார். அவரே பதம் பார்த்த தூள்.

எங்கள் வட்டவளைத் தோட்டத்து மழை இன்னும் விடவில்லை. மழை இருக்கும் இடத்தை விட்டுப் போ என்று அந்த மாடுகளிடம் யாரும் சொல்வதில்லை. படத்தை மடித்து இந்த டைரிக்குள் வைத்தேன்.