மேற்கு வீட்டு டிவியில் நீ

என் கமலத்துக்கு,

உன் முதலாண்டு நினைவுக்குச் சபைப் பத்திரிகையில் ஒரு படமும் இரண்டு வரியும் போதும் என்றார்கள். இரண்டு வரியில் அடங்குகிற காரியமா இது? ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்று நின்று வாங்கியிருக்கிறேன். ஊரார் படிக்கட்டும். மேற்கு வீட்டில் இருக்கிற என் தம்பி ஞானதாசும் படிக்கட்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும்.

நம் மகள் ஷைனி சார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்து போனாள். மெலிந்திருக்கிறாள். நீ இருந்தால் கேட்டிருப்பாய், நான் கேட்கவில்லை. வரும்போது எனக்கு ஒரு அடாப்டர் கொண்டுவந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். டிவியின் பின்னால் சொருகிவைத்தால், போனில் ஓடுகிற வீடியோ கம்பி எதுவும் இல்லாமல் டிவியில் தெரியும்.

எதற்குக் கொண்டுவந்தாள் என்று உனக்குப் புரிந்திருக்கும். நீ நோயில் விழுவதற்கு முன்னால், நாம் வைத்த மாலை ஜெபத்தை அவள் போனில் பிடித்தாளே, அதை நான் தினமும் பார்க்கிறேன். போனில் உன் முகம் என் பெருவிரல் நகத்தளவுதான் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாலும் இறக்கிப் பார்த்தாலும், இருப்பது நீதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

"அப்பா, இதை அமத்தினா அடாப்டருக்க பேரு வரும். முதல்ல உள்ள பேரைத் தொடுங்க. அவ்வளவுதான் ஆக்கும்" என்றாள். அவள் தொட்டபோது டிவியில் வந்தது. மறுநாள் விமானம் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு, பாயை விரித்து, பைபிளை எடுத்து வைத்துவிட்டு நான் தொட்டேன். முதலில் இருந்த பெயரைத்தான் தொட்டேன். போன் மலையாளத்தில் சேர்ந்தாயிற்று என்றது. டிவி ஆங்கிலத்தில் காத்திருக்கிறேன் என்றது. இரண்டில் எது பொய் சொல்லுகிறது?

நான் யாரிடமும் போய்க் கற்றவன் அல்ல. பாறசாலையிலிருந்து கொல்லயில் வரைக்கும் எத்தனையோ கிணற்று மோட்டாரை நானே அவிழ்த்து, நானே படித்து, நானே ஓட வைத்தேன். மலையாளம் ஓடுகிற நம் ஊரில் தமிழ் எழுத்தையும் அப்படித்தான் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன். தீப்பெட்டி அளவு சாமானுக்காக ஷைனியைக் கூப்பிட்டுக் கேட்பேனா? கழற்றித் துடைத்தேன். வேறு துளையில் சொருகினேன். கரன்ட் போகிற வயரை மாற்றிப் பார்த்தேன். டிவி காத்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உன் குரல் கேட்டது, கமலம்.

போனிலிருந்து அல்ல. போன் ஊமையாக இருந்தது. உன் நகத்தளவு முகம் மட்டும் அதில் வாயசைத்தது. குரல் மேற்குப் பக்கமிருந்து வந்தது. எல்லையில் நின்ற ஆஞ்சிலி மரம் போன பிறகு நான் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. அன்று திறந்தேன். நீ பாடிக்கொண்டிருந்தாய். உன்னோடு சேர்ந்து லீலா பாடினாள், தாளம் தப்பி, எப்போதும்போல. ஞானதாசின் பெண்டாட்டிக்கு அது ஒரு வரம்.

செத்தவர் குரல் கேட்பது நம் விசுவாசத்தில் இல்லாத விஷயம். போதகரிடம் கேட்டால் சிரிப்பார், அல்லது காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது காட்டச் சொல்லுவார். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை பாட்டு முடிந்து, நீ ஜெபத்தைத் தொடங்கியபோது போன் அணைந்தது. மேற்கே உன் குரலும் அதோடு நின்றது. போன் இருப்பது என் கையில்; குரல் நிற்பது அங்கே. இது எப்படி?

வியாழக்கிழமை மத்தியானம் லீலா பின்வாசல் வழியாக வந்தாள். மரம் வெட்டிய பிறகு நான் இருக்கும்போது அந்த வாசலை மிதிக்காதவள். கையில் மூடிவைத்த பாத்திரம்.

"அத்தான், மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் உண்டு. சூடாத் தின்னுங்க."

"ஆருக்கு?"

"வேற ஆருக்கு? இஞ்ச நீங்க மட்டுந்தானே உண்டு."

"எதுக்குன்னு கேட்டேன்."

"அத்தான் மனசு எறங்கி அக்காளை எங்களுக்கு அனுப்பித் தாறியளே. அதுக்கு நான் வேற என்னத்தைச் செய்ய?"

அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். அவள் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "ஷைனி எங்களுக்கும் டிவியில சொருக ஒரு பெட்டி தந்தாளே. அதில நாங்க ராத்திரி பிரசங்கம் கேக்கது. திங்களாழ்ச்ச டிவியை வச்சிட்டு இருக்கோம், பாத்தா அக்கா. உங்க தம்பி மடக்கிக் கட்டின கைலியை அவுத்து விட்டுட்டு எந்திரிச்சு நின்னாவ. மைனி வந்திருக்கான்னு சொல்லி, பாட்டு தீரது வரைக்கும் கீழ இருக்கல்ல."

நான் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மறுபடி மூடினேன்.

"நேத்து அக்கா எனக்க முட்டுவலிக்கு ஜெபிக்கதுக்கு முன்ன நின்னு போச்சு. போன்ல சார்ஜ் தீந்தா அத்தான்? இன்னிக்கி நிறச்சு வையுங்க. எனக்கு இப்ப ஜெபிக்க வேற ஆருண்டு?"

அவள் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் பெயர் இரண்டு இருந்தது. முதல் நாளே கண்டேன். ஒரே பெயர் இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் கடைசியில் உள்ள எண் வேறு. மதிலுக்கு அப்பாலும் எட்டுகிற சாமான் போலிருக்கிறது: மேலே இருந்தது அவன் வீட்டுப் பெட்டி. கீழே இருந்தது நம் வீட்டுப் பெட்டி. ஷைனி தொட்டபோது எது மேலே இருந்ததோ, பிறகு எப்படி மாறியதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சித்தப்பனுக்கும் ஒன்று கொடுத்ததை அவள் என்னிடம் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்பது விளங்குகிறது.

அன்று ஏழு மணிக்குக் கீழே உள்ள பெயரைத் தொட்டேன்.

நீ வந்தாய். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்ததால் டிவியின் நடுவில் ஒரு துண்டாகத்தான் வந்தாய், இரண்டு பக்கமும் கறுப்பு. பாதி திறந்த கதவுக்குள் நிற்பதுபோல. ஆனாலும் முழு முகம். மேலுதட்டில் உள்ள மறு, கண்ணாடிக் கம்பியில் நீ சுற்றிய நூல், எல்லாம் தெரிந்தது. கேமராவுக்கு இப்பால் நான் இருமுகிறேன். நீ பாடிக்கொண்டே என்னை முறைக்கிறாய். ஒரு வருஷமாக என்னை யாரும் அப்படி முறைக்கவில்லை, கமலம்.

பாட்டு பாதியில் மதிலுக்கு அப்பால் ஒரு கனைப்பு.

"அண்ணா."

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அண்ணா, மைனி இன்னிக்கி வரல்லியே. லீலா பாய் விரிச்சிட்டு இருக்கா."

நீ காரக்கோணத்தில் கட்டிலில் கிடந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த ஆஞ்சிலியை வெட்டினவன் அவன். கார் ஷெட்டுக்கு இடம் வேண்டுமாம். அப்பன் நட்ட மரம். நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது அடிக்குற்றி மட்டும் நின்றது. நீ அவனை மன்னித்தாய். அது உன் காரியம். நான் மன்னிக்கவில்லை. உன் சவப்பெட்டியை அவன் தூக்கினபோதும் நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்; அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அவனிடம் என்ன சொல்ல? நான் அனுப்பியது அல்ல, விரல் பிசகு, இனி வராது, போய்ப் படு என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. சொல்ல வாயையும் திறந்தேன்.

"கொஞ்சம் பொறுலே" என்றுதான் வந்தது.

மரம் போன பிறகு அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. பிறகு டிவியில் உன்னை நிறுத்தினேன். மேலே உள்ள பெயரைத் தொட்டேன். நம் டிவி மறுபடி காத்திருக்கத் தொடங்கியது. நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, நகத்தளவு முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மேற்கே நீ ஆதியிலிருந்து பாடினாய். லீலாவின் முட்டுவலிக்கு ஜெபித்தாய். ஞானதாசின் முதுகு நோவுக்கும் ஜெபித்தாய். அவன் ஆமென் சொன்னது இங்கே கேட்டது.

எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் நான் மன்னித்துவிட்டதாக எண்ணுகிறான். நான் மன்னிக்கவில்லை. ஆனால் சாளைக் கறியைத் தின்றேன். புளி கொஞ்சம் கூடுதல். தின்றது தப்பா? மன்னிக்காதவனுக்கு உன்னை அனுப்பினேனே, அது என்ன கணக்கில் சேரும்? கோபம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகுமா? நீ இருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லி, என்னைத் திட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாய்.

பொய்யில் யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். அதனால் இதை அச்சில் சொல்லுகிறேன். எலே ஞானதாசே, திங்களும் செவ்வாயும் புதனும் உன் வீட்டுக்கு மைனி வந்தது என் கைத்தவறு. அதற்கு எனக்கு நன்றி வேண்டாம். வியாழக்கிழமை வந்தது நான் அனுப்பி வந்தது. அதற்குப் பிறகு வந்ததும் நான் அனுப்பியதுதான்.

கமலம், ஒரு போனிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு டிவிக்குத்தான் போகும். எல்லாவிதத்திலும் நோக்கிப் பார்த்துவிட்டேன். ஆகையால் இப்படி முடிவு செய்திருக்கிறேன்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ அங்கே. ஞாயிறு எப்போதும் எனக்கு. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயிரோடு இருந்தபோதும் கறிக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நீ மேற்கே போகத்தான் செய்தாய்; நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இங்கே இருப்பேன். இப்போதும் நான் கூட வர மாட்டேன். அவனையும் இங்கே கூப்பிட மாட்டேன். ஆனால் உன் முறை வருகிற நாளில், ஏழு மணி தவறாமல் உன்னை அங்கே கொண்டு விடுவேன். லீலாவின் முட்டுவலிக்கு நீ ஜெபித்து முடிக்கிறவரைக்கும் போன் அணையாமல் பார்த்துக்கொள்ளுவேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை,
ஞானதாசுக்கு அண்ணன்.