அமரெச் மலடி இல்லை

ஹோசானா, எத்தியோப்பியா
திங்கட்கிழமை

அன்பு மகன் எர்சினோவுக்கு, ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீ சுகமா, கடையில் தொந்தரவு ஏதும் இல்லையே? போனில் பேச வாயெடுத்தால் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய், அதனால் ஜோகன்னஸ்பர்க் வருகிற பக்கத்து வீட்டு மருமகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

மேல்மாடிக்குக் கூரை போட்டாயிற்று, நீ கேட்ட நீலக் கண்ணாடியே வைத்தோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அறையெல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது. இந்தத் தெருவில் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய எல்லா வீட்டுக்கும் இதே கதிதான். வாசலுக்கு வாசல் ஒரு மருமகள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முதுகில் பிள்ளை கட்டிய ஒருத்தியையும் காணோம். நான் கிராமத்தில் ஏழு பெற்றேன் என்றால், உன் அப்பா பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்தார், வேறு வித்தை ஒன்றுமில்லை.

போன வாரம் உன் சித்தப்பா ஹெலாமோ வந்து ஒரு பெண்ணின் போட்டோவை என் மடியில் போட்டார். "அண்ணி, இந்தப் புள்ளைய எர்சினோவுக்குப் பேசியாச்சு, அவனும் சரின்னுட்டான், பாஸ்போர்ட்டுகூட எடுத்தாச்சு. அமரெச்சுக்கு முப்பத்தஞ்சு ஆச்சு, இனிமே எங்க பெக்கப்போறா? மலட்டு மாட்டுக்கு எத்தன வருஷம் தீனி போடுவீங்க?" என்றார். உன் பெண்டாட்டி அப்போது அவருக்குத்தான் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். கப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ சரி சொன்னதாக அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்து நன்றாகக் கேட்டுத்தான் அனுப்பினேன்.

பிறகு உள்ளே போனால் அமரெச் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, தோலுக்கு அடியில் இருந்த கருத்தடைக் குச்சியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "அத்த, நான் மலடி இல்ல. போன தடவ வர்றதுக்கு முன்னாடி அவருதான் போன் பண்ணி, வீடு முடியிற வரைக்கும் புள்ள வேணாம், ஆஸ்பத்திரியில போய் வச்சுக்கன்னாரு. எடுக்கட்டுமான்னு கேக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு மாடி, இன்னும் ஒரு மாடின்னாரு" என்றாள். ஊரே ஏசியபோது ஏன்டி வாயைத் திறக்கவில்லை என்றேன். "அவரு பேரு கெட்டுப்போகும்ல" என்றாள். அப்போதுதான் சித்தப்பா சொன்னதும் பொய்யில்லை என்று புரிந்தது. என் வயிற்றில் பிறந்தவனா இப்படிச் செய்தான் என்று அழுதேன் எர்சினோ.

அங்கே வெளிநாட்டுக்காரர் கடை என்றால் உடைக்கிறார்கள், ஆளை அடிக்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் முழங்காலில் நிற்கிறேன். பயத்தில் இருக்கிறவனுக்குப் பிள்ளை பாரமாகத் தெரியும், அது எனக்குப் புரிகிறது. உன் சொல்லைக் கேட்டவளையே மலடி என்று தள்ளிவிட்டு இருபது வயசுப் பெண்ணைக் கூப்பிடுகிறாயே, அதுதான் புரியவில்லை, வெட்கமாகவும் இருக்கிறது.

நேற்று சர்ச் முடிந்ததும் அந்தப் பெண்ணின் அப்பா தகெஸ்ஸெயை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நல்லவேள சொன்னீங்கம்மா, எம்பொண்ணு கையிலயும் அதத்தான வைக்கச் சொல்லுவான்" என்று போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை, எனக்குக் காபி மிச்சம். இன்று காலையில் அமரெச்சை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குச்சியை எடுக்கவைத்துவிட்டேன்.

மெஸ்கல் பண்டிகைக்கு நீ வா. போன தடவை மாதிரி விருந்தாளி, கூட்டம் என்று ஓடாமல் அவளோடு இரு. வர முடியாதென்றால் அவளுக்கு டிக்கெட் எடு. இரண்டும் முடியாதென்றால் அவளை மரியாதையாக விட்டுவிடு. பெண்டாட்டியை இழந்த நல்ல மனிதர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லாத பெண், அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தால் பெண் வீட்டுப் பக்கம் தாயாக நான்தான் உட்காருவேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. இருட்டுவதற்குள் கடையை அடைத்துவிடு, வேளைக்குச் சாப்பிடு. பதிலை எனக்குச் சொல்லாதே, அவளுக்குச் சொல்.

உன் அம்மா,
பெசுனெஷ்