கீல் போன ஜன்னல்

சித்திரை மாசம், வெள்ளி இரவு.

நாளைக்கு மதுரையிலிருந்து சீசன்காரர்கள் மலைக்கு வருகிறார்கள். வருஷா வருஷம் முன்னறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் பின்னால் ஒண்டிக்கொள்வோம். அந்த அறை ஜன்னல் கதவு கீல் துருப்பிடித்து முறிந்து தொங்கியது. பூண்டு மூட்டையோடு வத்தலக்குண்டுக்குப் போன என் வீட்டுக்காரரிடம் புதுக் கீல் வாங்கிவரச் சொன்னேன். வெறுங்கையோடு வந்தார், மறந்துபோச்சாம். ஆனாலும் இன்று மத்தியானம் கதவை எப்படியோ மாட்டிவிட்டார். கெட்டிக்காரர்தான் என்று காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் பின்னறைக்குப் போனால், பிள்ளை பெற்ற உடம்போடு என் மகள் குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு குளிரில் நடுங்குகிறாள். ஜன்னலில் கதவில்லை, சாக்கு தொங்குகிறது. இதன் கீலைத்தான் கழற்றி முன்ஜன்னலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்!

"என்னங்க, பச்சப்புள்ள கெடக்குற ரூம்லயா கைய வச்சீங்க?"

"எதுக்குக் கத்துற? முன்ஜன்னல்னா வாரவுக பாப்பாக. பின்னாடி எவன் பாக்கப் போறான்?"

வந்ததே எனக்கு ஆத்திரம். மகளையும் பேரனையும் முன்னறைக் கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். "வாரவுகளுக்கு என்ன பதில் சொல்றது?" என்று வெளியே நின்று கேட்கிறார். சாக்கு தொங்குகிற அறையில் அவர்களைப் படுக்கச் சொல்லட்டும்.

பேரன் தூங்கிவிட்டான். ஜன்னலில் ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. வேலையை மட்டும் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார், மனுஷன்.