ஓரித்துறையில் முழங்கிய மறுமுரசு

மழை தன் பருவத்தில் பெய்க. ஆறு தன் கரைக்குள் நடக்க. இரு கரையிலும் அடுப்பு அணையாதிருக்க.

வடக்கே பெருவரை நாட்டின் கோமானும், மலைவழிகள் அனைத்திற்கும் காவலரும், கருவேணி ஆற்றின் வடகரைக்கு உரியவரும், எம்மோடு ஒரு வயிற்றில் பிறந்த தமையனாருமாகிய எயினாதனாரின் திருமுன்புக்கு, தெற்கே தண்கரை நாட்டை மறைந்த கணவர் கடலனாரின் இருக்கையிலிருந்து ஆளும் வெண்ணங்கை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளில் தேன் குறையாதிருப்பதாக. தங்கள் தேர்கள் முறியாதிருப்பதாக. அண்ணியாரின் முழங்கால் வலி இந்தக் குளிரில் தணிந்திருப்பதாக. இங்கே நாம் நலம். எம் நாடும் நலம்.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. அதை ஒரு முறை அவையில் படிக்கக் கேட்டோம். பின்னர் தனியே வைத்துக்கொண்டு பல முறை படித்தோம். மறுமொழி தாமதமானது அச்சத்தால் என்று தங்கள் அமைச்சர்கள் சொல்லியிருப்பார்கள். பேசுவதற்கு முன் நெடுநேரம் சும்மா இருப்பது எம் பழக்கம் என்பதைச் சிறு வயதிலிருந்தே தாங்கள் அறிவீர்கள். அதற்காக என்னைக் கல்பொம்மை என்று கேலி செய்தவரும் தாங்களே.

தாங்கள் எழுதியிருந்தது இது. சென்ற விழாநாளில் தங்கள் கலைக்குழு எம் எல்லை ஊராகிய ஓரித்துறைக்கு வந்து, கோயில் முற்றத்தில் பெருவரை நாட்டு முரசை நிறுத்தி, "பெருவரை உங்கள் தாய்வீடுதானா?" என்று ஊராரைக் கேட்டது. ஊரார் ஒரே குரலில் "ஆம்" என்றார்கள். அச்செய்தி தங்கள் தலைநகரை எட்டியதும், அங்குள்ள சந்தைகளிலும் முரசு அறைந்து, "ஆற்றுக்கு அப்பால் இருக்கும் நம் உறவுகளை நாம் காக்க வேண்டாமா?" என்று கேட்க, மக்கள் வானம் அதிர "ஆம்" என்றார்கள். குடிகளின் விருப்பத்தை மீறுவது அரசனுக்கு அழகன்று. ஆகவே வெள்ளம் வடிந்து ஆறு படகுக்கு இணங்கும் நாளில் தாங்கள் படையோடு ஓரித்துறையில் இறங்கி, அங்கே காவற்படை ஒன்றை நிறுத்தப் போகிறீர்கள். நாம் துறையின் வாயிலைத் திறந்து வைத்து எதிர்கொள்ள வேண்டும்.

இதை அறிந்ததும் எம் படைத்தலைவர் கொற்றன் என்னிடம் வந்து, அன்று "ஆம்" என்று கத்தியவர்களைப் பிடித்துச் சிறையிட வேண்டும், வடநாட்டுப் பாட்டுப் பாடும் பாணர்களை ஊரை விட்டு ஓட்ட வேண்டும், தாமதித்தால் ஊரே கைவிட்டுப் போகும் என்று வேண்டிக்கொண்டார். அவர் நாட்டை நேசிப்பவர். அவர் சொன்னதில் நேசம் இருந்தது. ஆனால் அவர் கேட்டபடி செய்திருந்தால், காப்பாற்ற வேண்டிய உறவு என்று தங்கள் ஓலையில் எழுதியிருப்பதை நாமே உண்மையாக்கிக் கொடுத்தவர்கள் ஆகியிருப்போம். கொற்றனை அமரச் சொல்லிவிட்டு, தங்கள் தலைநகரில் எம் தூதராக இருக்கும் அழிசியாரின் கடிதங்களை எடுத்துப் படித்தோம். அவர் அங்கே அரண்மனையில் குறைவாகவும் தறிக்கூடங்களிலும் கல்யாண வீடுகளிலும் அதிகமாகவும் பொழுதைக் கழிப்பவர்.

தங்கள் மக்கள் எம்மைப் பற்றி நினைப்பதை அவர் ஒளிக்கவில்லை. நாமும் ஒளிக்க மாட்டோம். அவர்களுக்கு எம் மேல் அன்பு உண்டு, ஏளனமும் உண்டு. இரண்டும் ஒரே பானையில் வெந்தவை. "தண்கரைக்காரன் மீன் பிடிக்கவே நம்மகிட்ட வலை இரவல் வாங்குறவன், அவனுக்குத் தனியா ஒரு கொடி வேற!" என்று ஒரு நெசவாளர் சொல்ல, தறிக்கூடமே சிரித்ததாம். "நம்ம பொண்ணு அங்க தனியா கெடந்து தவிக்குது" என்று மற்றொருவர் எனக்காகக் கண் கலங்கினாராம். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை என்றே எழுதியிருக்கிறார் அழிசியார். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் அந்த நெசவாளரிடம், படை கிளம்பினால் உங்கள் வீட்டிலிருந்து யார் போவார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டிருக்கிறார். "என் மகனா? அவனுக்கு அந்தி சாஞ்சா கண்ணு தெரியாதுங்களே" என்றாராம் அவர். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே குறை. எதிர்வீட்டுப் பையனுக்குப் பகலிலேயே தெரியாதாம். அந்தத் தெரு முழுவதும் இளைஞர்கள் திடீரென்று பார்வை மங்கிப்போயிருந்தார்கள் என்று எழுதுகிறார் எம் தூதர்.

அரசர் கட்டளையிட்டால் அவர்கள் வருவார்கள். அதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஒரு கொல்லர் மட்டும், "கூப்பிட்டா போய்த்தான் ஆகணும், சண்டை வேணுமான்னு கேட்டா மட்டும் பதில் சொல்ல மாட்டேன்" என்றாராம். அந்தக் கொல்லரின் சொல்லில் நான் வெகுநேரம் தங்கிவிட்டேன். தங்கள் படையில் பாதிப்பேர் அவராகவே இருப்பார்கள்.

தமையனாரே, நம் தந்தையார் காலத்து முரசு முறைமையைத் தாங்கள் மறந்திருக்க முடியாது. அப்போது எந்தப் போருக்கும் எந்தப் பெரும்பணிக்கும் முரசு இரு முறை முழங்கும். முதல் முரசுக்குப் பின், "இது வேண்டுமா?" என்று கேட்பார்கள். அதற்கு வாயால் விடை சொல்லலாம். வாய் எல்லோருக்கும் உண்டு. மறுமுரசுக்குப் பின், "உன் வீட்டிலிருந்து யார்?" என்று கேட்பார்கள். அதற்கு விடை சொல்ல விரும்புகிறவர் முரசுக்கு முன்னால் கிடக்கும் கல்லைத் தாண்டி வந்து நிற்க வேண்டும். தந்தையார் முதல் முரசின்போது தாம்பூலம் போட்டுக்கொண்டிருப்பார். மறுமுரசு முழங்கியதும் மேல்மாடத்திற்குப் போய்த் தனியாக நின்று, அதன் பின் வரும் அமைதியைக் கேட்பார். அந்த அமைதி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தே படை கிளம்பும், அல்லது கிளம்பாது.

தாங்கள் முடிசூடிய ஆண்டில் மேற்குமலையின் மேல் படையெடுக்க எண்ணி இரு முரசையும் அறையச் செய்தீர்கள். முதலாவதற்கு நகரம் அதிர்ந்தது. மறுமுரசுக்குக் கல்லைத் தாண்டியவர்கள் சிலரே. அந்த நாளுக்குப் பின் மறுமுரசு தங்கள் நாட்டில் ஒலிக்கவில்லை. அதை நிறுத்தியவர் தங்கள் அமைச்சர் என்கிறார்கள். யார் நிறுத்தியிருந்தாலும், அதன் பின் தங்கள் காதுக்கு வந்ததெல்லாம் முதல் முரசின் முழக்கம் மட்டுமே. அந்த முழக்கத்தைக் கேட்டு அண்டை நாடுகள் நடுங்கின, உண்மை. முதலில் அதில் மயங்கியவர் தாங்களே.

இதற்குப் பின் நாம் செய்ததைச் சொல்கிறோம். ஓரித்துறைக்குப் போனோம். தங்கள் குழு ஊருக்குப் பரிசாக விட்டுச்சென்ற அதே முரசு கோயில் முற்றத்தில் இருந்தது. நல்ல தோல், நல்ல ஓசை. அதன் முன்னால் ஒரு கல்லை இடச் செய்தோம். ஊரார் கூடியதும், வடகரைப் படை இத்துறையில் இறங்கினால் அதன் எதிரே நிற்கத் துணிந்தவர்கள் கல்லைத் தாண்டி என் பக்கம் வரலாம் என்றும், வரவேற்க விரும்புகிறவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்றும், நிற்பவர் மேல் எந்தக் கையும் படாது, இதற்கு எனக்குத் தாலி கட்டியவரின் பெயர்மேல் ஆணை என்றும் சொன்னோம். மறுமுரசு முழங்கியது.

ஒருவரும் அசையவில்லை.

அந்த அமைதியில் நான் அஞ்சினேன் என்று எழுதினால் தாங்கள் மகிழ்வீர்கள், எழுதிவிடுகிறேன். நானும் வடகரையில் பிறந்தவள். என் பின்னால் "வடக்கத்தியாள்" என்று முணுமுணுப்பவர்கள் இந்த நாட்டில் உண்டு. கோயில் விளக்குகளுக்குத் தாங்கள் அனுப்பிய எண்ணெய் என் கண் முன்னே எரிந்துகொண்டிருந்தது. எம் அவையினர் இருவர் தாங்கள் பரிசாகப் போர்த்திய பட்டோடு அங்கேயே நின்றார்கள். கொற்றனின் கை வாளின் பிடியை நாடுவதைக் கண்டு, வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அப்போது சேந்தி என்ற வளையற்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் விற்கும் வளையல்கள் தங்கள் நாட்டில் செய்தவை. அவளுடைய அக்காள் வாழ்க்கைப்பட்டிருப்பது தங்கள் தலைநகரில். விழாநாளில் எல்லோரையும் விட உரக்கக் கத்தியவள் அவளே என்பதை ஊர் அறியும். கல்லைத் தாண்டப் போனவளைப் பார்த்து, "என்னடி, அன்னிக்கு உன் தொண்டைதானே அக்கரை வரைக்கும் கேட்டுச்சு?" என்று ஒருவன் நையாண்டி செய்தான். அவள் திரும்பி நின்று, "அன்னிக்குச் சக்கரைப் பொங்கல் சூடா குடுத்தாங்க, கத்தினேன். இதுக்குப் பொங்கல் இல்லையே, அதான் யோசிச்சு வாரேன்" என்றாள். முற்றம் சிரித்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "தாய்வீடுதான், யாரு இல்லேன்னா? என் அக்கா வீட்டுக்குப் போனா நான் அழுதுட்டுத்தான் வருவேன். ஆனா அண்ணன்காரன் சீர் கொண்டுவந்தா வாசல்ல நின்னு கூப்பிடணும். ஈட்டியைத் தூக்கிட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்து, உனக்குக் குடும்பம் நடத்தத் தெரியலே, நவுரு, நான் பாத்துக்கறேன்னா, எந்தத் தங்கச்சி பாத்துக்கிட்டிருப்பா?" இதைச் சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குப் பின்னால் மீனவர்கள் வந்தார்கள். பிறகு வண்ணார் தெரு வந்தது. பிறகு எண்ண முடியாதபடி வந்தார்கள். பட்டுப் போர்த்திய இருவரில் ஒருவர் பட்டோடேயே வந்தார். குளிர்காலம், நல்ல பட்டு, நாம் குறை சொல்லவில்லை.

எல்லோரும் வந்துவிடவில்லை. மிகச் சிலர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களில் ஒருவர் வங்கன் என்ற பாணர். தங்கள் புகழைப் பாடிப் பாடி அதை நம்பியவர், இன்றும் நம்புகிறவர். தன் மூட்டையைக் கட்டிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். நாளை கோயிலில் யார் பாடுவது என்று திருப்பிக் கேட்டோம். மறுநாள் அவர் பாடினார், அதே பாட்டை. கொற்றன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தாளம் தப்பியபோது திருத்தியவரும் அவரே.

அன்று பிற்பகல், எவர் ஏவலும் இன்றி, ஓரித்துறை மக்கள் தம் படகுகளையெல்லாம் தென்கரைக்கு இழுத்து, மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வைத்தார்கள். வடகரையில் தங்கள் குடிகளுக்குப் படகுகள் உண்டு. மரம் வெட்டி மேலும் செய்துகொள்ளவும் முடியும். நீரோட்டம் அறிந்து அவற்றைச் செலுத்தும் கைகள் மட்டும் இங்கே, கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன.

ஆகவே எம் விடை இது. துறையின் வாயில் தங்கள் படைக்குத் திறவாது. எண்ணெயும் வெல்லமும் பாட்டும் முன்போலவே வரலாம்; வாங்கிக்கொள்வோம், நன்றியும் சொல்வோம், மறுசீராகக் கருவாடும் உப்பும் அனுப்புவோம். அன்புக்கு எம் கதவு எந்நாளும் தாழிட்டதில்லை. அன்பை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறவரை மட்டும் வாசலில் நிறுத்தி, கையில் என்ன என்று கேட்போம்.

தங்கள் குடிகளின் விருப்பம் என்று எழுதினீர்கள். அதை நாம் மதிக்கிறோம். முழுதாகக் கேட்ட பின் மதிப்போம். தலைநகரில் மறுமுரசை அறையச் செய்யுங்கள். அமைச்சர்களை உடன் வைத்துக்கொள்ளாதீர்கள். தந்தையார் நின்ற மேல்மாடத்தில் தனியே நின்று, அதன் பின் வருவதைக் கேளுங்கள். அண்ணா, அது தங்கள் காதில் விழாமலிருக்க எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

வடகரையில் தங்கள் துறையில் எம் நாட்டுப் படகு ஒன்றே ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அது வங்கனுடையது. தங்களை அழைத்துவரும் பேறு தனக்கே வேண்டும் என்று கேட்டு அவர் அதைச் செலுத்தி வந்திருக்கிறார். தாங்களும், அண்ணியாரும், இரண்டு சீர்த்தட்டுகளும் அதில் தாராளமாக அமரலாம். ஈட்டி ஒன்று ஏறினாலும் படகு சாயும்; பழைய படகு. இக்கரையில் நான் மஞ்சள் நீரோடு வாசலில் நிற்பேன். சேந்தி அண்ணியாருக்கு வளையல் இடுவாள். தங்கள் நாட்டு வளையல்தான், விலை மட்டும் எம் நாட்டு விலை.

இவ்வோலையைக் கையில் தருபவரும் வங்கனே. அவர் அன்று கல்லைத் தாண்டாதவர்; தங்களை நேசிப்பவர். ஆகவே எம்மை நம்பாவிட்டாலும் அவரை நம்பலாம். ஓரித்துறையில் மறுமுரசுக்குப் பின் நடந்தது என்ன என்று அவரையே கேளுங்கள். கண்டதைப் பாட வேண்டும், அதற்கு மேலும் வேண்டாம், அதற்குக் குறைவாகவும் வேண்டாம் என்பதே நாம் அவருக்கு இட்ட ஒரே நிபந்தனை.

இரு கரைக் காவலருக்கும் இது ஆணை: இவ்வோலை சுமக்கும் பாணரை எவரும் மறிக்கக் கூடாது, அவர் பாட்டைப் பாதியில் நிறுத்தவும் கூடாது, அவர் எந்தக் கரையில் வாழ விரும்பினாலும் அந்தக் கரை அவருக்கு இடம் தரக்கடவது.

தண்கரையின் நாரை முத்திரை இட்டு, ஓரித்துறைக் கோயில் முற்றத்தில், ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்து, ஒருவரும் மறுக்காமை கண்டு, கட்டி விடுத்தோம்.

வெண்ணங்கை.